மூளை ரத்தக்குழாய்க்குள் ரோபோ: சித்தூர், திருப்பதி நோயாளிக்கு இதனால் என்ன கிடைக்கும்?

2000-ம் ஆண்டு மார்ச் 24. அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் ஹைதராபாத்துக்கு வந்திருந்தார். அந்தப் பயணத்தில் அவர் தொடங்கி வைத்த திட்டங்களில் ஒன்று, சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா என்ற கிராமத்துக்கானது. அப்பல்லோ மருத்துவமனைகளின் நிறுவனர் டாக்டர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர் அது. கிராம மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேனையும் ஈசிஜியையும் செயற்கைக்கோள் வழியாக நகரத்து நிபுணருக்கு அனுப்பி, அவர் அங்கிருந்தபடியே ஆலோசனை சொல்லும் ஏற்பாடு. இந்தியாவில் டெலிமெடிசின் என்ற சொல் பரவலாகப் பேசப்பட்டதற்கு அரகொண்டா ஒரு முக்கிய காரணம்.

கால் நூற்றாண்டு கழித்து கேள்வி அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறது. தூரத்தில் இருக்கும் டாக்டர் ஸ்கேனைப் பார்க்க முடியும், சரி. அங்கிருந்தே சிகிச்சையும் செய்ய முடியுமா? அதுவும் மூளையின் ரத்தக்குழாய்க்குள்?

முடியும் என்று சொல்லும் ரோபோக்கள் வந்துவிட்டன. அவை எப்படி வேலை செய்கின்றன, எதை நிரூபித்திருக்கின்றன, சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிறவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும் என்று பார்க்கலாம். நாகரி, புத்தூர், சித்தூர், குப்பம் பக்கம் அப்பா அம்மாவை விட்டுவிட்டு சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது வெறும் டெக் செய்தி இல்லை.

மூளைக்குப் போக தொடையில் ஏன் துளை போடுறாங்க?

மூளை ரத்தக்குழாயில் வரும் பிரச்சினைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ரத்தக்கட்டி போய் அடைத்துக்கொள்வது. நாம் ஸ்ட்ரோக், பக்கவாதம் என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இன்னொன்று, ரத்தக்குழாயின் சுவர் ஒரு இடத்தில் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூபில் வரும் புடைப்பு மாதிரி வீங்குவது. இதற்கு அனியூரிசம் என்று பெயர். அது வெடித்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு.

முன்பெல்லாம் அனியூரிசத்துக்கு மண்டை ஓட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவார்கள். இப்போதும் தேவைப்படும் இடத்தில் அது நடக்கிறது. ஆனால் பல நோயாளிகளுக்கு மண்டையைத் திறக்காமலே வேலை முடிகிறது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு சின்னத் துளை. அதன் வழியாக ரத்தக்குழாய்க்குள் கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாய். அதற்குள் இன்னும் மெல்லிய குழாய். அதற்கும் உள்ளே ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ள கைடு வயர். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டர் அதைத் தள்ளி, திருப்பி, இழுத்து, கழுத்து வழியாக மூளைக்குள் கொண்டு போகிறார்.

அங்கே போனதும், அனியூரிசமாக இருந்தால் அதற்குள் பிளாட்டினம் காயில்களை நிரப்பி ரத்தம் உள்ளே பாயாமல் செய்வார்கள். அடைப்பாக இருந்தால், வலை போன்ற ஸ்டென்டில் கட்டியைச் சிக்க வைத்து வெளியே இழுப்பார்கள், அல்லது குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். கட்டியை இப்படி எடுப்பதற்கு த்ராம்பெக்டமி என்று பெயர்.

இரண்டுக்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. வெடித்த அனியூரிசம் உள்ள 2,143 நோயாளிகளை வைத்து நடந்த ஐசாட் ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. ஒரு வருடம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறர் உதவியின்றி வாழ முடியாமல் போனவர்கள், கிளிப் போட்ட குழுவில் 30.6 சதவீதம், காயில் வைத்த குழுவில் 23.7 சதவீதம். பெரிய ரத்தக்குழாயில் வந்த அடைப்பை த்ராம்பெக்டமி மூலம் எடுத்தால் ஊனம் குறைகிறது என்பதை 2015-ல் வெளியான 5 ஆய்வுகள் உறுதி செய்தன. 2018-ல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, 6 மணி நேரமாக இருந்த காலக்கெடு, ஸ்கேனில் தேறும் சில நோயாளிகளுக்கு மட்டும் 24 மணி நேரம் வரை நீண்டது.

சரி, இதில் ரோபோ எங்கே வருது?

ரோபோ என்றதும் தானாக முடிவெடுத்து மூளைக்குள் போகும் இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். இது டாக்டர் சொல்வதை மட்டும் செய்யும். நோயாளியின் கட்டில் ஓரத்தில் ஒரு ரோபோ கை பொருத்தப்பட்டிருக்கும். அதன் முனையில், ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் கேசட். கேத்தீட்டரும் வயரும் அந்தக் கேசட் வழியாகத்தான் ஓடும். டாக்டர் கொஞ்சம் தள்ளி, எக்ஸ்ரே படாத இடத்தில் திரை முன்னால் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை அசைப்பார். அவர் முன்னே தள்ளினால் வயர் முன்னே போகும், திருப்பினால் திரும்பும். ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகரு என்றாலும் நகரும்.

இதனால் முதல் லாபம் டாக்டருக்குத்தான். இந்தச் சிகிச்சை செய்பவர்கள் வருடக்கணக்கில் எக்ஸ்ரே கதிர்வீச்சுக்குப் பக்கத்திலேயே, பல கிலோ எடையுள்ள ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் நிற்கிறார்கள். முதுகுவலி இவர்களின் தொழில் நோய். இதய ரத்தக்குழாய் சிகிச்சையில் 164 பேரை வைத்து நடந்த பிரிசைஸ் ஆய்வில் (2013), ரோபோவை இயக்கிய டாக்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் கதிர்வீச்சு, கட்டில் பக்கத்தில் இருந்ததை விட சுமார் 95 சதவீதம் குறைவாக இருந்தது.

நோயாளிக்கு என்ன லாபம்? நகர்வு துல்லியமாகும், வைத்த இடத்தில் வயர் அசையாமல் நிற்கும். ஆனால் அனுபவமுள்ள டாக்டர் கையால் செய்வதை விட ரோபோ மூலம் செய்தால் நோயாளி நன்றாகத் தேறுகிறார் என்று இதுவரை நிரூபணம் இல்லை. பணம் கட்டும் முன் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

விளம்பரத்துல வர்ற 'ரோபோட்டிக் சர்ஜரி'யும் இதுவும் ஒண்ணா?

இல்லை. இங்கேதான் நிறைய பேருக்குக் குழப்பம்.

மருத்துவமனை பேனர்களில் நாம் பார்க்கும் ரோபோ பெரும்பாலும் வயிறு, நெஞ்சுப் பகுதிக்கானது. டா வின்சி, நம் நாட்டில் தயாராகும் எஸ்எஸ்ஐ மந்த்ரா எல்லாம் இந்த வகை. சிறு துளைகள் வழியாகக் கருவிகளை உள்ளே விட்டு வெட்டும், தைக்கும். இரண்டாவது வகை, மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, மூளையில் குறித்த இடத்துக்கு ஊசியையோ எலக்ட்ரோடையோ கொண்டு போக வழிகாட்டுவது. மூன்றாவது, ஆஞ்சியோ அறையில் எக்ஸ்ரே கருவியையே சுற்றிச் சுழற்றும் ரோபோ கை. அது படம் எடுக்கும், வயரைத் தொடாது.

நாம் பேசுவது நான்காவது வகை: ரத்தக்குழாய்க்குள் கேத்தீட்டரையும் வயரையும் நகர்த்தும் ரோபோ. 'எங்களிடம் ரோபோ இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்த ரோபோ, அது என்ன செய்யும் என்று கேளுங்கள்.

இதுவரை எங்கெல்லாம் நடந்திருக்கு?

மூளை ரத்தக்குழாயில் ரோபோ உதவியுடன் முதல் அனியூரிசம் சிகிச்சை 2019 நவம்பரில் கனடாவின் டொரண்டோ வெஸ்டர்ன் மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் விட்டோர் மெண்டஸ் பெரேரா. பயன்படுத்தியது கார்பாத் ஜிஆர்எக்ஸ் என்ற கருவி. இதயத்துக்காக உருவான அதை மூளைக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருந்தார்கள். பிறகு பல நாடுகளில் 117 அனியூரிசம் நோயாளிகளுக்கு இதே கருவியால் சிகிச்சை தரப்பட்டது. 2024-ல் வெளியான முடிவின்படி 110 பேருக்கு ரோபோ வழியாகத் திட்டமிட்ட வேலை முடிந்தது. மற்ற சிலருக்கு நடுவில் ரோபோவை ஒதுக்கிவிட்டு டாக்டர் கையாலேயே தொடர வேண்டியிருந்தது.

கவனிக்க வேண்டியது, இவை டாக்டரும் நோயாளியும் ஒரே மருத்துவமனையில் இருந்தபோது நடந்தவை. தூரத்திலிருந்து செய்வது வேறு விஷயம். அதில் இந்தியாவுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு.

2018 டிசம்பரில் குஜராத்தில் டாக்டர் தேஜஸ் படேல், காந்திநகர் அக்‌ஷர்தாம் கோயில் வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு, சுமார் 32 கி.மீ. தள்ளி அகமதாபாத் மருத்துவமனையில் படுத்திருந்த 5 நோயாளிகளின் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார். கட்டளைக்கும் ரோபோவின் அசைவுக்கும் இடையே சராசரி தாமதம் 53 மில்லிநொடி. ஐந்தும் வெற்றி. ஆனால் நோயாளியின் பக்கத்தில் ஒரு முழு மருத்துவக் குழு தயாராக நின்றது. துளை போட்டு ஆரம்ப வேலைகளைச் செய்ததும் அந்தக் குழுதான்.

மூளைக்கு அந்த மாதிரி முயற்சி 2025-ல் பெரிய செய்தியானது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்த டாக்டர் ரிக்கார்டோ ஹானெல், அட்லான்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இருந்த ஓர் உடலில் த்ராம்பெக்டமி செய்து காட்டினார். தூரம் 6,000 கி.மீ.க்கு மேல். கருவி, லிதுவேனியாவின் சென்டான்டே. ஆனால் அது உயிருள்ள நோயாளி இல்லை, ஆய்வுக்காகத் தானமாகத் தரப்பட்ட உடல். முடியும் என்று காட்டிய முயற்சி அது. வழக்கமான சிகிச்சையாக மாற இன்னும் பல படிகள் ஏற வேண்டும்.

சித்தூருக்கு எதுக்கு இது?

சித்தூர், திருப்பதி மாதிரி ஊர்களுக்கு ரோபோவின் உண்மையான வாக்குறுதி தூரத்தைக் குறைப்பதுதான்.

பெரிய ரத்தக்குழாய் அடைத்த ஸ்ட்ரோக்கில், சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் மூளை செல்கள் அழிகின்றன என்பது 2006-ல் வெளியான கணக்கு. ஒரு மணி நேரம் போனால், சாதாரணமாக வயதாவதில் சுமார் மூன்றரை வருடத்தில் இழக்கும் அளவு போய்விடுகிறது.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ. வேலூர் 40 கி.மீ.க்குள். சென்னை 150 கி.மீ.க்குக் குறையாது. குப்பத்தில் இருப்பவருக்கு மாவட்டத் தலைநகரமான சித்தூரே சுமார் 100 கி.மீ., பெங்களூருவும் ஏறக்குறைய அதே தூரம். இரவில் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை தூக்க முடியாமல் போனால், எங்கே போவது என்பதே குடும்பத்துக்குப் பெரிய குழப்பம். சித்தூரிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்கில் அது 34 கோடி மூளை செல்கள்.

திருப்பதிக்கு இன்னொரு கோணமும் உண்டு. அங்கே ஸ்ட்ரோக் வருபவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறுகிறவர்களில், தரிசனத்துக்கு வரிசையில் நிற்கிறவர்களில், தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்த வயதானவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஊரும் தெரியாது, எந்த மருத்துவமனை என்றும் தெரியாது.

இந்தப் பகுதியில் மருத்துவமனைகளே இல்லை என்பதல்ல பிரச்சினை. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-ல் தொடங்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது, ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. சித்தூரிலும் குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில்தான் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். தட்டுப்பாடு வேறு இடத்தில்: மூளைக்குள் கேத்தீட்டர் விடத் தெரிந்த நிபுணர், அதுவும் ராத்திரி 2 மணிக்கு. அப்படிப்பட்டவர்கள் நாடு முழுக்கவே குறைவு, இருப்பவர்களும் பெரிய நகரங்களில்தான். நோயாளியை நிபுணரிடம் கொண்டு போவதற்குப் பதில் நிபுணரின் கையை நோயாளியிடம் கொண்டு வர முடிந்தால், அந்த மூன்று மணி நேரம் மிச்சம்.

அப்போ ஒரு ரோபோ வாங்கி வச்சா போதுமா?

போதாது. ரோபோ வேலை செய்ய உள்ளூரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பாருங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஆஞ்சியோ அறை, அதாவது கேத் லேப். உடனே சிடி ஸ்கேன் எடுத்துப் படிக்கும் வசதி. மயக்க மருந்து நிபுணர். தொடையில் துளை போட்டு, கேத்தீட்டரைக் கழுத்து வரை ஏற்றத் தெரிந்த டாக்டர். கேசட்டில் கருவிகளை மாற்றப் பயிற்சி பெற்ற நர்ஸ், டெக்னீஷியன். சிகிச்சைக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஐசியு. இவ்வளவுக்கும் மேல், துண்டிக்காத நெட்வொர்க், போகாத கரண்ட்.

நடுவில் ரத்தக்குழாய் கிழிந்தாலோ, ரோபோ நின்றாலோ, அந்த நொடியில் கையில் எடுத்துச் செய்ய அங்கேயே ஒருவர் வேண்டும். 117 பேர் ஆய்வில் ஒரே மருத்துவமனைக்குள்ளேயே சிலருக்குக் கைமுறைக்கு மாற வேண்டியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். டாக்டர் 150 கி.மீ. தள்ளி இருந்தால் யார் மாறுவது?

தொடு உணர்வு இன்னொரு சிக்கல். வயர் எங்கே முட்டுகிறது என்பதை அனுபவமுள்ள டாக்டர் விரல் நுனியில் உணர்வார். கார்பாத் ஜிஆர்எக்ஸ் மாதிரியான ஜாய்ஸ்டிக் கருவியில் அந்த உணர்வு வராது, திரையில் வயர் வளைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சென்டான்டே மாதிரி புதிய கருவிகள் அந்த உணர்வைத் திருப்பித் தர முயல்கின்றன.

சட்டம், பணம்?

இந்தியாவின் டெலிமெடிசின் நடைமுறை வழிகாட்டுதல்கள் 2020 மார்ச் மாதம் வெளியாயின. வீடியோவில் ஆலோசனை சொல்வது, மருந்து எழுதுவது எல்லாம் அதில் வரும். தூரத்திலிருந்து அறுவை சிகிச்சையோ உடலுக்குள் கருவி விடும் சிகிச்சையோ செய்வது அதன் வரம்புக்குள் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால், சென்னையில் இருக்கும் டாக்டர் சித்தூரில் இருக்கும் நோயாளிக்கு ரோபோவில் சிகிச்சை செய்து, நடுவில் ஏதாவது ஆனால் பொறுப்பு யாருக்கு? செய்தவருக்கா, பக்கத்தில் நின்றவருக்கா, நெட்வொர்க் கொடுத்த கம்பெனிக்கா? இதற்குத் தெளிவான விதி வேண்டும். இரண்டு மாநிலங்கள் சம்பந்தப்பட்டால் காப்பீட்டுக் கேள்வியும் சேர்ந்துகொள்ளும். ஆந்திராவின் என்டிஆர் வைத்ய சேவாவும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தனித்தனித் திட்டங்கள்.

வியாபாரமும் நிலையாக இல்லை. கார்பாத் கருவியைத் தயாரித்த கோரிண்டஸ் நிறுவனத்தை சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ் 2019-ல் சுமார் 110 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் அதே நிறுவனம், இதய சிகிச்சைக்கான ரோபோவைக் கைவிடுவதாக அறிவித்தது. பல கோடி போட்டு வாங்கும் மருத்துவமனைக்கு, நாளைக்கு கேசட்டும் சர்வீஸும் கிடைக்குமா என்பது நியாயமான கவலை.

ரோபோ வர்ற வரைக்கும் என்ன?

ஹிமாச்சலப் பிரதேசம் 2014-ல் ஒரு வழியைக் காட்டியது. மலை மாநிலம், நரம்பியல் நிபுணர்கள் சிம்லா, டாண்டா மருத்துவக் கல்லூரிகளில்தான். அதனால் சிடி ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனை டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்ட்ரோக் நோயாளி வந்தால் ஸ்கேன் படத்தை அவர்கள் ஸ்மார்ட்போனில் அனுப்புவார்கள். நிபுணர் போனிலேயே பார்த்து, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று சொல்வார். ஊசி இலவசம். ரோபோ இல்லை, ஜாய்ஸ்டிக் இல்லை.

அந்த ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பெரிய அடைப்பை அது மட்டுமே திறந்துவிடும் என்று சொல்ல முடியாது, அவர்களுக்கு த்ராம்பெக்டமி தேவைப்படும். ஆனால் ஊசியைப் போட்டுவிட்டு, எங்கே அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்து, ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே அங்கே கேத் லேப் தயாரானால், அந்த மூன்று மணி நேரத்தில் பாதியாவது பயனுள்ளதாகும். ரோபோவுக்குத் தேவை என்று மேலே போட்ட பட்டியலைத் திரும்பப் படியுங்கள். கேத் லேப், ஸ்கேன், பயிற்சி பெற்ற குழு, ஐசியு: இவை வந்தாலே ரோபோ இல்லாமலும் பலர் பிழைப்பார்கள். இவை இல்லாத ஊரில் ரோபோ வெறும் ஷோகேஸ் பொருள்.

உங்க வீட்டுக்கு இப்பவே என்ன செய்யலாம்?

அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். 'கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்' என்று விட்டுவிடும் நேரம்தான் அதிகம் பேரைப் படுக்கையில் தள்ளுகிறது.

கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தூங்கி எழுந்தபோது கவனித்தீர்கள் என்றால், தூங்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள்.

நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். அடைப்பா கசிவா என்பது சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கும். விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கும் வரை தண்ணீரும் சாப்பாடும் வேண்டாம். அவர் ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை, முக்கியமாக ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் அதை, கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனைகளில் மூன்று கேள்வி கேளுங்கள்: ராத்திரியிலும் சிடி ஸ்கேன் உண்டா? கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவீர்களா? த்ராம்பெக்டமி தேவைப்பட்டால் இங்கேயே செய்வீர்களா, இல்லை என்றால் எங்கே அனுப்புவீர்கள்? பதிலை அப்பா அம்மா போனிலும் பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் சேமித்து வையுங்கள். அவசரம் வந்தால் முதலில் ஓடி வரப்போவது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.